சொல்லும் பொருளும்: பரதேசி யார்?



கிழக்கேகோட்டையில் வாழும் சங்க அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நமக்கு ஒரு மடல் விடுத்திருந்தார். பத்தாம் வகுப்பிற் பயிலும் அவர்தம் மகள், வரலாற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்தவள், திடுமென நூலை மூடிவைத்து, "அப்பா, இதில் வருகின்ற பரதேசிகள் நாம்தானா?" என்று வினவினாளாம். 1891-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர்க்கு அளிக்கப்பெற்ற 'மலையாளி விண்ணப்பம்' பற்றிய பாடம் அது. அரசாங்க உத்தியோகங்களைப் பரதேசிகள் கைப்பற்றிக்கொண்டனர், மண்ணின் மக்களுக்கு இடமில்லை என்பது அவ்விண்ணப்பத்தின் முறையீடு. பரதேசிகள் என்று அங்கே சுட்டப்பட்டோருள் பெரும்பான்மையர் தமிழ்ப் பிராமணர். தந்தை யாது கூறுவதென்று தெரியாமல், "உன் பாட்டனார் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கியவர் அம்மா" என்று மட்டும் சொன்னாராம். அவ்விடை மகளுக்கும் நிறைவு தரவில்லை. தமக்கும் நிறைவு தரவில்லை. ஆதலின் 'சொல்லும் பொருளும்' பகுதியில் விளக்குதல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அச்சிறுமியின் வினா எளிய வினா அன்று. 'ஆம்' என்று சொன்னாலும் பாதி பொய்யாகும்; 'அல்ல' என்று சொன்னாலும் பாதி பொய்யாகும். அரசியல் நூல்களில் வழங்கும் சில பெரிய சொற்களின் பொருளைத் தெளிந்தாலன்றி இதற்கு நேர்மையான விடை கிடைப்பதரிது. அச்சொற்களைத் தேடி நாம் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. கிழக்கேகோட்டை வாயிலில் சற்றே நின்றால் போதும். மேற்கே பத்மநாபசுவாமி கோயிலும் அதனைச் சூழ்ந்த அக்கிரகாரங்களும். கிழக்கே சாலைக் கடைத்தெருவும் அதன் மூட்டைகளும் வண்டிகளும். அருகே காந்தி பூங்கா. இவ்வொரு காட்சிக்குள்ளேயே அச்சொற்கள் அனைத்தும் அடங்கியிருக்கின்றன.

முதற்சொல்: சித்தாந்தம்

அரசியற் சித்தாந்தம் என்பதனை இக்காலத்தார் கருத்தியல் என்பர். கட்சிகளின் கொள்கை அறிக்கையையே பலர் இச்சொல்லாற் குறிப்பர். அதனினும் ஆழமான பொருள் ஒன்று இதற்கு உண்டு. ஒருவர் ஆள்வதும் மற்றவர் அடங்குவதும் கதிரவன் உதிப்பதுபோல இயற்கையானவை என்று எல்லாரும் நம்பும்படி செய்கின்ற கருத்துத் தொகுதியே சித்தாந்தம். படையினால் ஆளும் அரசன் இரவில் விழித்திருத்தல் வேண்டும். சித்தாந்தத்தினால் ஆளும் அரசன் நன்றாக உறங்கலாம்.

மார்த்தாண்ட வர்மர் 1729 முதல் 1758 வரை ஆண்டவர். அண்டை நாடுகளை ஒவ்வொன்றாக வென்றவர். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரையும் முறியடித்தவர். வாளால் சேர்த்த நாட்டை அவர் 1750-இல் பத்மநாபசுவாமியின் திருவடியில் ஒப்படைத்தார். திருப்படிதானம் என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். அன்று தொட்டுத் திருவிதாங்கூர் மன்னர் 'பத்மநாபதாசர்' ஆயினர்; நாடு கடவுளின் நாடாயிற்று. இறைவனிடத்தில் மன்னர் கொண்டிருந்த பக்தியை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அச்செயலால் விளைந்த அரசியற் பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசனை எதிர்ப்பது அதுகாறும் குற்றம் மட்டுமே. அதன்பின் அது பாவமும் ஆயிற்று. வரி கொடாதவன் கடவுளுக்கே கடன்பட்டவன் ஆனான். இவ்வீதியில் இன்னார் நடக்கலாம், இன்னார் நடக்கலாகாது என்னும் கட்டுப்பாடும் மனிதர் வகுத்த விதியாகத் தோன்றாமல் தெய்வ ஆணையாகத் தோன்றிற்று. சித்தாந்தம் வேலை செய்யும் வகை இதுவே.

இரண்டாவது சொல்: ஏகாதிபத்தியம்

வேற்று நாட்டார் ஒரு நாட்டின் செல்வத்தையும் ஆட்சியையும் தம் நலத்திற்குக் கீழ்ப்படுத்துவது ஏகாதிபத்தியம். காலனி ஆதிக்கம் என்றும் கூறுவர். வேற்றுக் கொடி பறந்தால்தான் அது காலனி ஆதிக்கம் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். திருவிதாங்கூரிலோ மன்னரின் சங்குக் கொடியே இறுதிவரை பறந்தது. ஆயினும் 1795-ஆம் ஆண்டின் உடன்படிக்கையாலும் 1805-ஆம் ஆண்டின் உடன்படிக்கையாலும் கிழக்கிந்தியக் கம்பெனி இந்நாட்டின் படையையும் வெளியுறவையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. இரண்டாம் உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்டவேண்டியதாயிற்று. அரண்மனையில் மன்னர் வீற்றிருந்தார்; அவர் அருகே கம்பெனியின் ரெசிடென்ட் அமர்ந்திருந்தார். அப்பணத்தை மக்களிடம் தண்டும் பழி மன்னரின் அதிகாரிகளுக்கு. பெறும் பயன் கம்பெனிக்கு. கணக்கில் தேர்ந்த வணிகர்க்கு இதனினும் நல்ல ஏற்பாடு கிடைக்குமோ?

அந்தச் சுமையைத் தாங்காது கிளர்ந்தெழுந்தவர் தளவாய் வேலுத்தம்பி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்தவர். 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர் காலத்திலேயே ஏற்பட்டதுதான். ஆயினும் ரெசிடென்ட் மெக்காலேயின் நெருக்குதல் மிகவே, 1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து மக்களுக்கு அறைகூவல் விடுத்துப் படை திரட்டினார். தோற்று, மண்ணடியில் உயிர்விட்டார். அவர் உடலைத் திருவனந்தபுரத்திற்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தூக்கிலிட்டு மகிழ்ந்தது கம்பெனியின் சினம். அவ்வீரரின் சிலை தலைமைச் செயலகத்தின் முன் நிற்பது முற்றிலும் தகும்.

ஆனால் குண்டறை அறிக்கையில் மற்றொன்றும் இருந்தது. கம்பெனி ஆட்சி நிலைத்தால் சாதி வேறுபாடு பாராத மணங்கள் பிராமணப் பெண்கள்மீது சுமத்தப்படும், பழைய முறைகள் குலையும் என்று அஞ்சியது அவ்வறிக்கை. அந்நியனை எதிர்த்து எழுந்த அவ்வீரக்குரல், சாதி அடுக்கைக் காப்பதும் தன் கடமை என்று கருதிற்று. இதனைக் கூறுவது வேலுத்தம்பியின் பெருமையைக் குறைப்பதற்கன்று. தன் தலைமேல் இருக்கும் பாரம் கண்ணுக்குத் தெரிவதுபோல், தன் காலடியில் நசுங்குவது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதனை உணர்த்துவதற்கே.

மூன்றாவது சொல்: ஏற்றத்தாழ்வு

நம் அன்பரின் மகள் கேட்ட வினாவின் உயிர்நிலை இச்சொல்லில் இருக்கிறது. ஆதலின் இங்கே சற்று நின்று நோக்குவோம்.

அந்நாளில் திருவிதாங்கூரில் ஊட்டுப்புரைகள் பல இருந்தன. அரசாங்கச் செலவில் பிராமணர்க்கு இலவச உணவளிக்கும் இடங்கள் அவை. பத்மநாபசுவாமி கோயிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை முறஜபம் நிகழும். பல ஊர்களிலிருந்தும் வேதம் ஓதுவோர் திரள்வர். விருந்தும் தானமும் பெருகும். தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய பிராமணக் குடும்பங்கள் பல, இவ்வாதரவினால் கோட்டைக்குள்ளும் அதன் சுற்றிலும் வேரூன்றின. கல்வியில் முந்திநின்ற அக்குடும்பங்களிலிருந்து எழுத்தர்களும் அதிகாரிகளும் பிற்காலத்தில் மிகுதியாகத் தோன்றினர்.

இனி மறுபக்கம். கோயில்களுக்கும் அரசாங்க அலுவல்களுக்கும் வேண்டும் பொருள்களைக் கூலியின்றிக் கொண்டுசேர்க்கும் கட்டாயப் பணி ஒன்றும் அந்நாளில் இருந்தது. 'ஊழியம்' என்று அதற்குப் பெயர். அப்பணி தாழ்த்தப்பட்ட வகுப்பார் தலையில் விழுந்தது. தென் திருவிதாங்கூரில், அதாவது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களில், அச்சுமையைச் சுமந்தோருள் நாடார் குலத்தார் பெருந்தொகையினர். அவர்களும் தமிழரே. அக்குலத்துப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிதற்கும் உரிமையின்றி இருந்தனர். கிறித்தவராயினோர்க்கு ரவிக்கை அணிய ரெசிடென்ட் மன்றோ காலத்தில் இசைவு கிடைத்தது. ஆயினும் 1829-ஆம் ஆண்டு அரசாணை மேலாடையை மீண்டும் தடுத்தது. கலகங்கள் பல நிகழ்ந்து, சென்னை ஆளுநரின் நெருக்குதலும் சேர்ந்த பின்னரே 1859 ஜூலை 26-ஆம் நாள் தடை நீங்கியது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல் அணியலாகாது என்னும் நிபந்தனையோடுதான் நீங்கியது.

ஆகவே ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஊட்டுப்புரை இலையில் உண்டவனும் தமிழன். கூலியின்றிச் சுமை சுமந்தவனும் தமிழன். மொழி ஒன்று, வாழ்வு இரண்டு. 'நாம் தமிழர்' என்று சொல்லும்பொழுது இவ்விருவரையும் ஒருசேர நினைத்தாலன்றி நம் வரலாறு நமக்கே விளங்காது.

ஆங்கிலேயரால்தான் இக்கொடுமைகள் நீங்கின என்பார் உளர்; அவர்கள் வாராதிருந்தால் எல்லாம் இனிதே இருந்திருக்கும் என்பாரும் உளர். இரு சாராரும் பாதியே காண்கின்றனர். 1812-இல் அடிமை வாணிகத்தைத் தடுக்கும் ஆணை பிறந்தது. ஆனால் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த புலையர், பள்ளர் முதலிய உழவடிமைகளை அவ்வாணை தீண்டவில்லை. வயல் விளைந்தால்தானே வரி வரும். வரி வந்தால்தானே கம்பெனியின் கப்பம் கட்டலாம்! அடிமைமுறை முழுமையாக நீக்கப்பெற்றது 1855-இல்தான். ஆதிக்கம் செலுத்தியவர்களின் கையாலும் சில நன்மைகள் விளைந்தன. அந்நன்மைகளின் எல்லையை அவர்தம் வருவாய்க் கணக்கே வகுத்தது.

இவ்விரட்டைச் சுமையை அக்காலத்திலேயே கண்டு கூறிய தமிழர் ஒருவர் உண்டு. சாமித்தோப்பு வைகுண்டர் அவர். ஆங்கில ஆதிக்கத்தை 'வெண்நீசன்' என்றும், சாதிக்கொடுமைக்கு அரணாக நின்ற அரசைக் 'கலிநீசன்' என்றும் அவர் வழியினர் குறித்தனர். ஒரு நீசனைக் காட்டி மற்றொரு நீசனை மறைக்கவில்லை. அதன் பயனாக அவர் 1838-39-இல் இதே திருவனந்தபுரத்தில், சிங்காரத்தோப்பில் சிறைவைக்கப்பட்டார். அரசியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை இரண்டு சொற்களில் அடக்கினார் எனலாம்.

நான்காவது சொல்: சுதேசியம்

'இம்மண் இம்மண்ணினர்க்கே' என்னும் உணர்ச்சி சுதேசியம். வெள்ளையரை நோக்கி அது எழுந்தபொழுது நாம் அனைவரும் அதனைப் போற்றினோம். அதுவே நம்மை நோக்கித் திரும்பினால்?

1891-இல் மன்னர் மூலம் திருநாளிடம் அளிக்கப்பெற்ற மலையாளி விண்ணப்பத்தில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். பாரிஸ்டர் ஜி. பி. பிள்ளை, நாவலாசிரியர் சி. வி. ராமன் பிள்ளை முதலியோர் அதன் பின்னின்றவர்கள். மாதவராவ், சேஷையா சாஸ்திரி, ராமய்யங்கார் என வெளியிலிருந்து வந்தோரே திவான் பதவியிற் பெரும்பாலும் அமர்ந்திருந்த காலம் அது. உயர் பதவிகளில் உள்நாட்டார்க்கு இடமில்லை என்னும் குறை பொய்க் குறையன்று. நம் முன்னோருள் ஒரு பகுதியினர் அக்குறைக்குக் காரணராக இருந்தனர் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ஒப்புக்கொள்வதால் நாம் சிறுமையடைவதில்லை.

ஆயின் கதை அங்கே முடியவில்லை. அவ்விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவருள் ஈழவ குலத்து மருத்துவர் பல்பு ஒருவர். சென்னையில் மருத்துவம் கற்றுத் தேறியும், சாதி காரணமாகத் திருவிதாங்கூர் அரசு அவருக்கு வேலை தரவில்லை. மைசூர் சமஸ்தானத்திற்குச் சென்று பணியாற்றினார். இம்மண்ணில் பிறந்தவர் வேற்று நாட்டில் பரதேசியாகிப் பிழைத்தார்! விண்ணப்பத்தின் பயனாக நாயர் வகுப்பார் சிலர்க்குக் கதவு சிறிது திறந்தது; ஈழவர்க்குத் திறக்கவில்லை. 'மலையாளி' என்னும் ஒரு சொல்லுக்குள் எல்லாரும் அடங்குவர் என்று நம்பிய பல்பு, 1896-இல் 13,176 பேர் கையொப்பத்தோடு 'ஈழவர் விண்ணப்பம்' ஒன்றைத் தனியே அளிக்க வேண்டியதாயிற்று.

அவ்விரு விண்ணப்பங்களிலும் இடம்பெறாதவர்களும் இருந்தனர். விண்ணப்பம் எழுதுதற்கு எழுத்தே மறுக்கப்பட்ட மக்கள் அவர்கள். 1893-இல் வெங்கானூர் அய்யன்காளி வெள்ளாடை உடுத்து, தலைப்பாகை கட்டி, வில்வண்டியில் ஏறிப் பொதுவீதியிற் சென்றார். புலையர் குலத்தான் வண்டியில் ஏறுவதா என்று பலர் வெகுண்டனர். சில ஆண்டுகளின்பின் பலராமபுரத்துச் சாலியர் தெரு வழியே அவரும் அவர் தோழரும் நடந்து சென்றபோது பெருங்கைகலப்பு நிகழ்ந்தது. அத்தெரு நமக்கு அயலான தெருவன்று. பலராம வர்மர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட நெசவாளர் குடியேறிய தெரு. வெளியிலிருந்து வந்தவன் குடியிருக்கலாம். உள்ளேயே பிறந்தவன் நடக்கலாகாது. பரதேசி யார் என்னும் வினாவுக்கு அத்தெருவே ஒரு விடை சொல்லியது. தான் பிறந்த மண்ணின் வீதியில் கால் வைக்க இயலாதவனைவிடப் பெரிய பரதேசி எவன்?

சுதேசியத்தின் குறைபாடு இதுவே. மேலிருந்து ஒருவரை இறக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. இறங்கியவரின் இடத்தில் அடுத்தவர் அமர்ந்துவிட்டால், படியின் அடியில் இருப்பவர்க்கு யாதொரு மாற்றமும் இல்லை.

ஐந்தாவது சொல்: சமத்துவம்

சமத்துவம் என்பது எல்லாரையும் ஒரே அளவாக்குதல் என்று சிலர் எள்ளுவர். பொதுவீதி, பொதுக்கிணறு, பொதுப்பள்ளி, பொதுப்பணி இவற்றின் வாயிலில் பிறப்பைக் கேளாதிருத்தலே அதன் முதற்பொருள். அவ்வாயிலை அடைதற்கு வேண்டும் உணவும் கல்வியும் கூலியும் கிடைக்கச் செய்தல் அதன் முழுப்பொருள்.

இந்நகரில் அதற்கு வழிகாட்டியவருள் தமிழர் இருந்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகின்ற செய்தி. தைக்காட்டு ரெசிடென்ஸியில் மேற்பார்வையாளராகப் பணியாற்றிய அய்யாவு சுவாமிகள், பல சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார். அப்பந்தியில் அய்யன்காளியும் அமர்ந்து உண்டார். இதற்காக மேல்சாதியார் அவரை இகழ்ந்த இகழ்ச்சியில் 'பாண்டி' என்னும் சொல்லும் சேர்ந்திருந்தது. ஊட்டுப்புரை இலையையும் இப்பந்தி இலையையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். இரண்டும் இந்நகரத்தில் தமிழர் தொடர்புடைய இலைகளே. எதனை நம் மரபு என்று கொள்வது என்பது நம் கையில் இருக்கிறது.

1924 மார்ச் 30-இல் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து போராட்டத்தில் கலந்து இருமுறை சிறை சென்றார்; நாகம்மையாரும் களத்தில் நின்றார். டாக்டர் எம்பெருமாள் நாயுடு கோட்டாற்றிலிருந்து ஓர் ஊர்வலத்தை நடத்திக்கொண்டு திருவனந்தபுரம் வந்தார். மன்னத்துப் பத்மநாபன் தலைமையில் மேல்சாதியாரின் ஊர்வலம் ஒன்று வைக்கத்திலிருந்து வந்தது. கோயில் வீதிகளை எல்லார்க்கும் திறக்கும் தீர்மானம் 1925 பிப்ரவரியில் சட்டசபைக்கு வந்தபோது 21 வாக்கு ஆதரவும் 22 வாக்கு எதிர்ப்பும் பெற்று, ஒரே வாக்கில் தோற்றது. அவ்வாண்டு நவம்பரில் போராட்டம் முடிந்தபோது கோயிலின் மூன்று பக்கத்து வீதிகளே திறக்கப்பட்டன. 1936 நவம்பர் 12-இல்தான் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாயிற்று. 1937 ஜனவரியில் காந்தியடிகள் திருவிதாங்கூர் வந்து, அதுகாறும் தடுக்கப்பட்டிருந்த மக்களோடு கோயில்களுக்குச் சென்றார். நம் சங்க அன்பர்கள் நாள்தோறும் செருப்பொலி எழ நடக்கின்ற கோட்டை வீதிகள் இவ்வாறு திறந்தவை. எளிதில் திறந்தவையல்ல.

வாயில் திறந்தது; முழுப்பொருள் இன்னும் கைகூடவில்லை. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக உழைத்துவரும் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டம்பரில் வீதிக்கு வந்தனர். அந்நாளில் அவர்களது நாட்கூலி 232 ரூபாய். நிருவாகத்தை மட்டுமின்றித் தம் பெயரால் பேசிவந்த சங்கங்களையும் எதிர்த்து, 'பெண்கள் ஒற்றுமை' என்னும் பெயரோடு ஒன்பது நாள் நின்று 20 விழுக்காடு ஊக்கத்தொகை பெற்றனர். 2020 ஆகஸ்ட் 6-இல் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்தபோது எழுபது உயிர்கள் மாண்டன. பெரும்பாலோர் நம் மொழி பேசியவர்கள். வெள்ளைத் துரைமார் அன்று வகுத்துத் தந்த அந்த வரிசை வீடுகளிலேயே நாடு விடுதலை பெற்று எழுபத்து மூன்று ஆண்டு கழிந்த பின்னும் அவர்கள் வாழ்ந்தனர். ஏகாதிபத்தியம் என்னும் சொல் பழைய பாடநூலோடு முடிந்துவிட்டது என்று எவரே கூறவல்லார்?

இனி அச்சிறுமிக்கு விடை

1956 நவம்பர் 1-இல் தோவாளை முதலிய நான்கு வட்டங்களும் செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி முதலியோரின் நெடும்போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11-இல் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தோரின் குருதியும் அதற்கு விலையாயின. அன்று வரை ஒரே நாட்டின் குடிகளாயிருந்த நாகர்கோவில் உறவினரும் கிழக்கேகோட்டை உறவினரும் மறுநாட் காலையில் இரு மாநிலத்தவர் ஆயினர். நம் குடும்பங்களிற் பல எங்கும் பெயர்ந்து செல்லாமலேயே 'குடியேறியோர்' என்னும் பெயரை அடைந்தன. இலங்கையில் நம்மவர் பட்ட பாடு இதனினும் கொடிது. தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய இந்தியத் தமிழர் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் ஓரிரவில் நாடற்றோர் ஆக்கப்பட்டனர்; அடுத்த ஆண்டே வாக்குரிமையும் இழந்தனர். பிழைக்கச் சென்றவனைப் பரதேசி ஆக்குவதற்கு ஒரு தாளும் ஒரு கையொப்பமும் போதும்.

'பாண்டி' என்னும் விளியைப் பள்ளியிலும் பேருந்திலும் கேட்டு மனம் கசந்தோர் நம்மிற் பலர். அக்கசப்பை மறக்க வேண்டுவதில்லை. ஆயின் அதனை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? இன்று சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குவோருள் வங்கத்தாரும் அசாமியரும் ஒடியரும் பீகாரிகளும் இருக்கின்றனர். கேரள அரசு அவர்களை 'அதிதித் தொழிலாளர்' என்று மரியாதையாக அழைக்கிறது. நல்ல சொல்தான், எனினும் அதிதி என்பவன் என்றேனும் எழுந்து போகவேண்டியவன் என்னும் குறிப்பும் அதில் ஒளிந்திருக்கிறது. தெருவிலோ, எம்மாநிலத்தவராயினும் 'பங்காளி' என்னும் வங்கப்பெயரே அவர்க்கு. ஊரும் இல்லை, பேரும் இல்லை. நம் கடைகளிலும் நம் வீட்டுக் கட்டட வேலைகளிலும் அவர்களை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? உரிய கூலியை உரிய நாளில் கொடுக்கிறோமா? நம் பாட்டனார்க்கு நேர்ந்தது அவர்க்கு நம்மால் நேராதிருக்கிறதா? இந்நகரின் துப்புரவுப் பணிக்கென்று தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களும் இங்கே வாழ்கின்றன. நம் சங்க விழாப் பந்தியில் அவர்கள் எத்துணை முறை நம்மோடு அமர்ந்திருக்கின்றனர்? வீட்டு வேலைக்கு வரும் அம்மையார்க்குத் தனிக்குவளை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் அறவே ஒழிந்துவிட்டதா? இவ்வினாக்களைப் பிறரை நோக்கி விடுப்பதற்குமுன் இப்பகுதியை எழுதும் நாமும் நம்மையே கேட்டுக்கொள்கிறோம். எல்லாவற்றிற்கும் தலைநிமிர்ந்து விடை கூற நம்மால் இயலவில்லை.

ஆகவே, அன்பரே, தங்கள் மகளுக்கு இவ்வாறு கூறுக: "ஆம், குழந்தாய், அப்பாடத்தில் வரும் பரதேசிகளுள் நம் மொழியினர் இருந்தனர். அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. பிறர்க்குக் கிடைக்காதபோது அவர்கள் எழுந்து இடம்விடவில்லை. அதே நாளில் கூலியின்றிச் சுமை சுமந்தோரும் நம் மொழியினரே. மேலாடைக்காகப் போராடியோரும், ஒரே பந்தியில் உண்ணச் செய்தோரும், வைக்கத்து வீதிக்காகச் சிறை சென்றோரும் நம் மொழியினரே. உன் பாட்டனார் மூட்டை தூக்கினார் என்பது உண்மை. அதனால் மட்டும் நாம் யாரையும் தாழ்த்தாதவர் ஆகிவிட மாட்டோம். நாம் யார் என்பதனை நம் பாட்டனாரின் தோளில் இருந்த மூட்டை முடிவு செய்வதில்லை. இன்று மூட்டை சுமப்பவனை நாம் நடத்துகின்ற முறையே முடிவு செய்கிறது."

இவ்வளவும் பதினைந்து வயதுச் சிறுமிக்கு விளங்குமோ என்று தாங்கள் ஐயுறலாம். வினாவத் தெரிந்தவளுக்கு விடையும் விளங்கும். விடுமுறை நாளொன்றில் அவளை அழைத்துக்கொண்டு கோட்டை வாயிலிலிருந்து புறப்பட்டு, செயலகத்து வேலுத்தம்பி சிலையையும் வெள்ளையம்பலத்து அய்யன்காளி சிலையையும் காட்டி வாருங்கள். இடையே தைக்காட்டிலும் சற்று நின்று, அய்யாவு சுவாமிகளின் பந்தியைப் பற்றிச் சொல்லுங்கள். திரும்பும்பொழுது சாலையில் தேநீர் அருந்துங்கள். தேநீர் கொண்டுவந்து தரும் இளைஞன் எவ்வூரினன் என்று அவளே கேட்கட்டும்; அவன் பெயரையும் கேட்கட்டும்.

அடுத்த திங்கள் வேறு சொற்களோடு சந்திப்போம். அன்பர்கள் தத்தம் பிள்ளைகள் கேட்கும் வினாக்களைத் தயங்காது எழுதியனுப்புக.

வாழ்க தமிழ்! வாழ்க மானிடம்!